அக்காவிடம் கேளுங்கள்: புதுப் பெயரில் வரும் பழைய ஆள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டு வந்துவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? அதனால் சம்பளம், சமையல், மாமியார் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் யாருடைய பெயரையும் போடவில்லை, சிங்கப்பூரில் குடியிருக்கும் வட்டாரம் மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் வழக்கறிஞர் இல்லை, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 20 வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவள், பெயர் மாற்றப் பத்திரங்களை நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கிறேன்.

செங்காங்கிலிருந்து ஒரு தாய்: அக்கா, எங்கள் அடுக்குமாடி புளோக் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இங்கிலாந்தில் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருப்பவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு போலீஸ் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறார்களாம். பதிவேடு என்று ஒன்று இருக்கும்போது அது எப்படி அக்கா முடியும்? இல்லை, வழக்கம்போல யாரோ பரப்பும் பொய்யா?

பொய் இல்லை தங்கச்சி. முடியும், அதுவும் அங்கே ரொம்பச் சுலபமாக முடியும்.

பிரிட்டனில் பாலியல் குற்றங்கள் சட்டம் 2003 என்று ஒன்று இருக்கிறது. தண்டனை பெற்றவர் தன் பெயர், முகவரி, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு விவரங்களைப் போலீசிடம் கொடுத்துவைக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய் உறுதிப்படுத்த வேண்டும், வெளிநாடு போவதென்றால் 7 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். 30 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை வாங்கியவர்களுக்கு இதற்குக் காலக்கெடு இல்லை, குறைந்த தண்டனை வாங்கியவர்களுக்கு 10 வருஷம், 7 வருஷம் என்று குறையும். பெயரை மாற்றினால் 3 நாளுக்குள் போலீசிடம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் 5 வருஷம் வரை சிறை.

கடுமையான சட்டம் மாதிரித்தான் தெரிகிறது, இல்லையா? ஆனால் பெயர் மாறியதை யார் வந்து சொல்ல வேண்டும் என்று பாருங்கள். குற்றம் செய்தவரேதான். மறைவதற்காகவே பெயரை மாற்றுகிற ஒருவன், நான் பெயரை மாற்றிவிட்டேன் என்று காவல் நிலையத்துக்கு வந்து சொல்வான் என்று நம்பி அந்தச் சட்டத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே பெயர் மாற்றுவது எப்படி என்று தெரிந்தால் இன்னும் பயமாக இருக்கும். இங்கிலாந்தில் 16 வயது ஆன யாரும் ஒரு தாளில் பழைய பெயரைக் கைவிட்டேன், இனி இதுதான் என் பெயர் என்று எழுதி, சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும், நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை, எங்கேயும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. நீதிமன்றத்தில் பதிவு செய்து அரசிதழில் போடுகிற முறை தனியாக இருக்கிறது, விரும்பினால்தான். அந்தத் தாளைக் காட்டிப் புதுப் பெயரில் பாஸ்போர்ட்டுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று தோன்றாது. பிரிட்டனில் ஐசி, அதாவது நம் அடையாள அட்டை மாதிரி ஒன்று, கிடையாது. 2006-ல் தேசிய அடையாள அட்டைக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2010-ல் வந்த அரசாங்கம் அதை ரத்து செய்துவிட்டது. பிறந்ததிலிருந்து சாகும்வரை கூடவே வரும் எண் நமக்கு இருக்கிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. ஆளையும் அவருடைய பழைய வாழ்க்கையையும் கட்டிவைப்பது பெரும்பாலும் பெயரும் பிறந்த தேதியும்தான், அதில் பெயரை அவிழ்த்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது.

2023-ல் பிபிசி வெளியிட்ட செய்திப்படி, அதற்கு முந்தைய 3 ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட பதிவுக் குற்றவாளிகள் போலீசின் கண்காணிப்பிலிருந்து காணாமல் போயிருந்தார்கள். எல்லோரும் பெயர் மாற்றித்தான் போனார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தன்னைச் சீரழித்தவன் புதுப் பெயரில் உலவுவதைக் கண்டுபிடித்த பெண்களே இதற்காகப் போராட்டத்தில் இறங்கினார்கள், ராதரம் தொகுதி எம்பி சாரா சாம்பியன் பார்லிமென்டில் வருஷக்கணக்கில் இதையே பேசினார். அதற்குப் பலனாக 2025-ல் கொண்டுவந்த குற்றம், காவல் மசோதாவில், ஆபத்து என்று போலீஸ் கருதுகிறவர் பாஸ்போர்ட்டிலோ ஓட்டுநர் உரிமத்திலோ பெயரை மாற்ற முதலில் போலீசின் அனுமதி வாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலம் இன்னும் நேரடியாகப் போனது, பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் சட்டப்படி பெயர் மாற்றவே கூடாது என்று 2020-லேயே சட்டம் போட்டுவிட்டது.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு அதே இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது, எழுதவே மனசு வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2001-ல் சோஹம் என்ற ஊரில் பள்ளிப் பராமரிப்பாளர் வேலைக்கு வந்த இயன் ஹன்ட்லி அப்போது நிக்சன் என்ற பெயரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தான், அது அவன் அம்மாவுடைய கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். போலீஸ் சரிபார்ப்பு நிக்சன் என்ற பெயரில் மட்டும் நடந்தது. ஹன்ட்லி என்ற பெயரில் வேறொரு மாவட்டத்தில் அவன்மேல் பாலியல் புகார்கள் வந்திருந்தன, ஒன்றிலும் தண்டனை ஆகவில்லை, அந்த ஊர்ப் போலீஸ் தன் கையில் இருந்த தகவலை ஒழுங்காக வைத்திருக்கவும் இல்லை. 2002 ஆகஸ்டில் 10 வயதுப் பெண் பிள்ளைகள் இரண்டு பேரை அவன் கொன்றான். 2004-ல் சர் மைக்கேல் பிச்சர்ட் தலைமையிலான விசாரணை அறிக்கை வந்த பிறகுதான் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களைச் சோதிக்கும் முறையையே அங்கே புதிதாகக் கட்டினார்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு தந்தை: நம் ஊரில் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறதா? அமெரிக்கா மாதிரி இணையத்தில் போட்டு, எந்த புளோக்கில் யார் இருக்கிறார் என்று பார்க்க முடிந்தால் நிம்மதியாக இருக்குமே. இங்கேயும் பெயரை மாற்றிக்கொண்டு தப்ப முடியுமா?

தம்பி, பொதுமக்கள் பார்க்கிற மாதிரிப் பட்டியல் சிங்கப்பூரில் இல்லை. போலீசிடம் குற்றவாளிகள் பதிவேடு இருக்கிறது, கைரேகையோடு. சின்னக் குற்றத்துக்கு 3 மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ வாங்கிய ஒருவர் 5 வருஷம் ஒழுங்காக இருந்தால் அந்தப் பதிவு கழிந்துபோனதாக, அதாவது இல்லாத மாதிரி, ஆகும், ஆனால் வன்புணர்ச்சி போன்ற கடுமையான குற்றங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெயர் மாற்றுவது இங்கேயும் கஷ்டமில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு பத்திரம், அவர் முன்னால் கையெழுத்து, அப்புறம் 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்திடம் தெரிவித்துப் புது ஐசி வாங்க வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ வந்தவர்கள், மிச்சப் பேர் மதம் மாறியவர்கள், அப்பா பெயரை எடுக்க வந்தவர்கள், விவாகரத்தானவர்கள். அத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் உங்கள்மேல் வழக்கு இருந்ததா என்று நான் கேட்டதில்லை, கேட்கச் சொல்லி யாரும் சொன்னதுமில்லை, இன்றைக்கு நினைத்தால் அது எனக்கு உறுத்துகிறது.

ஆனால் பிரிட்டனுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் அந்த ஐசி எண். பெயர் தலைகீழாக மாறினாலும் எண் மாறாது, கைரேகை மாறாது. குமார் என்று தண்டனை வாங்கியவர் கார்த்திக் ஆகி வந்தாலும் எண்ணைத் தட்டினால் பழைய கோப்பு வந்து நிற்கும். கடுமையான குற்றம் செய்து வெளியே வருகிறவர்களை 2014 முதல் கட்டாயப் பின்பராமரிப்புத் திட்டத்தில் போடுகிறார்கள், சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கவைக்கும் இடைநிலை இல்லம், பிறகு வீட்டில் மின்னணுக் கருவியோடு கண்காணிப்பு என்று படிப்படியாக. 2024 பிப்ரவரியில் பார்லிமென்ட் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது, மிக ஆபத்தானவர் என்று கருதப்படுகிறவரை, இனிமேல் ஆபத்தில்லை என்று தெரியும்வரை தண்டனைக் காலம் முடிந்தாலும் வெளியே விடாமல் வைத்திருக்கலாம். அதனால் அரசாங்கத்தின் கண்ணிலிருந்து ஓர் ஆள் பெயரை மாற்றித் தப்புவது இங்கே ரொம்பக் கஷ்டம்.

தப்ப முடிவது நம் கண்ணிலிருந்துதான். நாம் கூகளில் தேடுவது பெயரைத்தானே? அதைத்தான் அவர் மாற்றிவிட்டாரே. அப்புறம் வெளிநாட்டவர் விஷயம் வேறு. 2016-லிருந்து சோதனைச்சாவடிகளில் வருகையாளர்களின் கட்டைவிரல் ரேகையை எடுக்கிறார்கள், இங்கே தண்டனை வாங்கி நாடுகடத்தப்பட்டவர் புதுப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்து வந்தால் அது காட்டிக்கொடுக்கும், ஆனால் வேறொரு நாட்டில் குற்றம் செய்துவிட்டு முதல் தடவையாக இங்கே வருகிறவரின் ரேகை நம்மிடம் இருக்காதே. அமெரிக்கா இதற்காகவே 2016-ல் ஒரு சட்டம் போட்டு, பிள்ளைகளிடம் குற்றம் செய்து பதிவேட்டில் இருப்பவரின் பாஸ்போர்ட்டிலேயே அதை அச்சிடுகிறது. எல்லா நாடும் அப்படிச் செய்வதில்லை.

இணையத்தில் பட்டியல் போடலாமா என்று கேட்டீர்கள். நான் வேண்டாம் என்கிறேன், நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. காரணம் குற்றவாளியின் மேல் இரக்கம் இல்லை. பிள்ளையைக் கெடுத்தவன் நிறைய வழக்கில் அப்பா, சித்தப்பா, வளர்ப்புத் தந்தை, குடும்ப நண்பர். அதனால்தான் நீதிமன்றம் அவன் பெயரையே வெளியிடக் கூடாது என்கிறது, அவன் பெயர் வந்தால் அந்தப் பிள்ளை யாரென்று மொத்த புளோக்குக்கும் தெரிந்துவிடும். பட்டியல் போட்டால் அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் போட்ட மாதிரிதான்.

எனக்கு வேண்டியது வேறொன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011-லிருந்து எல்லா இடத்திலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது, என் பிள்ளையோடு பழகுகிற இந்த ஆளைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று ஒரு தாயோ தந்தையோ போலீசிடம் கேட்கலாம், ஆபத்து உண்டு என்றால் பிள்ளையைக் காப்பாற்றும் இடத்தில் இருப்பவரிடம் மட்டும், ரகசியமாக, போலீஸ் சொல்லும். அங்கே அதன் பலவீனம், கேட்கிற தாய்க்குத் தெரிந்தது புதுப் பெயர் மட்டும்தான் என்பது. நம்மிடம் எண் இருக்கிறது. பெயர் மாறினாலும் மாறாத எண்ணை வைத்துக் கேட்கிற ஒரு வழியை நம் ஊர் திறந்துவைத்தால் அது பிரிட்டனில் இருப்பதைவிட நன்றாகவே வேலை செய்யும். உங்கள் எம்பியின் மக்கள் சந்திப்புக்குப் போகும்போது இதைக் கேளுங்கள், நானும் என் தொகுதியில் கேட்கப் போகிறேன்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு தாய்: மகள் தொடக்கநிலை 4. கணக்குக்கு வீட்டுக்கு வந்து டியூஷன் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும். ஆன்லைனில் பிடித்தவர் நல்லவராகத்தான் தெரிகிறார். பெயரைத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஐசி காட்டச் சொல்லலாமா? சட்டப்படி தப்பா? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

கேளுங்கள், தயங்கவே வேண்டாம். ஐசி எண்ணை வாங்கக் கூடாது என்று 2019 செப்டம்பர் முதல் இருக்கிற கட்டுப்பாடு நிறுவனங்களுக்கு, கடை உறுப்பினர் அட்டைக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் ஐசி கேட்காமல் இருப்பதற்காக வந்தது. சொந்த வீட்டு விஷயத்துக்காக ஒருவர் கேட்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்குள் வந்து உங்கள் பிள்ளை பக்கத்தில் உட்காரப் போகிறவர் தன் அட்டையைக் காட்டுவதில் என்ன கஷ்டம்? படம் எடுத்துவைக்க வேண்டாம், பாருங்கள், அவர் சொன்ன பெயரும் அட்டையில் இருக்கிற பெயரும் ஒன்றுதானா, படித்த சான்றிதழில் இருக்கிற பெயரும் அதேதானா என்று. வேறுபட்டால் அது குற்றம் இல்லை, நம் ஆட்களில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பெயர், ஐசியில் ஒரு பெயர். ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள், சாதாரணமாகப் பதில் சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்று கவனியுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், அட்டையைப் பார்த்ததால் அவருடைய பழைய வழக்கு உங்களுக்குத் தெரியப் போவதில்லை. 10 மாணவரோ அதற்கு மேலோ சேர்க்கிற டியூஷன் நிலையம் கல்வி அமைச்சிடம் பதிவு செய்ய வேண்டும், அங்கே சொல்லித்தருபவர்களும் பதிவு செய்ய வேண்டும், அப்போது ஒரு சோதனை நடக்கிறது. வீட்டுக்கு வருகிற தனி ஆசிரியரை அப்படி யாரும் சோதித்து அனுப்புவதில்லை. நீங்கள்தான் அந்தச் சோதனை.

அதனால் பாடம் வரவேற்பறை மேசையில் நடக்கட்டும், படுக்கையறையில் வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும், பாட்டி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் போதும். கேமரா வைத்திருந்தால் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். மகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, அனுப்ப வேண்டியது உங்களுக்கு. முன்பு சொல்லித்தந்த இரண்டு குடும்பங்களின் எண்ணை வாங்கி நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள், நல்லாச் சொல்லித்தந்தாரா என்று மட்டும் கேட்காமல், ஏன் நிறுத்தினீர்கள் என்றும் கேளுங்கள். என் அனுபவத்தில் அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிற பதில்தான் உண்மையாக இருக்கும்.

அப்புறம் மகளிடம் பேசுங்கள். பயமுறுத்த வேண்டாம். பெரியவர் யாராவது "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்று சொன்னால் அதை உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும், திட்டு விழாது என்று மட்டும் அவள் மனசில் பதியட்டும். இதை ஒரு தடவை சொன்னால் போதாது, குளிக்கவைக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பவனைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம், ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத, இதுவரை பிடிபடாத, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரிடமிருந்துதான் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆபத்து வருகிறது. அவருக்குப் பெயரை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

ஈசூனிலிருந்து ஒருவர், வயது 58: மானபங்க வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரின் பெயரும் என் பெயரும் ஒன்று, தகப்பனார் பெயரின் முதல் எழுத்து உட்பட. யாரோ என் படத்தைச் சேர்த்து, "இவன்தான், நம் வட்டாரத்தில் இருக்கிறான்" என்று அனுப்பிவிட்டார்கள். கோயிலில் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்கள். பேரப்பிள்ளையை மருமகள் என்னிடம் விடுவதில்லை. பேசாமல் நான் பெயரை மாற்றிக்கொள்ளட்டுமா?

ஐயா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். மாற்றாதீர்கள். இப்போது மாற்றினால், பார்த்தாயா, மறைக்கிறான் என்பார்கள், இந்த இதழில் மற்றவர்கள் கேட்டிருக்கிற கேள்விகளைப் பார்த்தாலே ஊர் எந்த மனநிலையில் இருக்கிறது என்று உங்களுக்குப் புரியும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு முதலெழுத்து, ஒரு பெயர், அவ்வளவுதான், அதே பெயரில் இந்தத் தீவில் பத்துப் பேராவது இருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் படத்தை ஒட்டி அனுப்புவது எவ்வளவு பெரிய பாவம் என்று அனுப்பியவர்களுக்கு உறைக்க வேண்டும். இந்த இதழைப் படிக்கிற யார் கையிலாவது அந்தச் செய்தி இருந்தால், அனுப்பிய குழுவிலேயே "இது தவறு, இவர் அவர் இல்லை" என்று போட்டுவிட்டு அழியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: வந்த செய்தியை, அனுப்பிய எண், தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். போலீசில் புகார் கொடுங்கள். தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ், உங்களைப் பற்றிப் பொய்யாகப் பரப்பியதை நிறுத்தவும் திருத்தம் வெளியிடவும் உத்தரவு கேட்கலாம், இதற்கென்றே 2021 ஜூன் முதல் தனி நீதிமன்றம் இருக்கிறது. முதல் கட்டத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம், ஆனால் சமூக மன்றங்களில் நடக்கிற இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், படிவத்தில் என்ன எழுதுவது என்று தெளிவாகும். மருமகளிடம் மகனை விட்டுப் பேசவைக்காதீர்கள், நீங்களே பேசுங்கள். செய்தித்தாளில் வந்த அந்த ஆளின் வயதைக் காட்டுங்கள். பயந்துபோன தாய் அவள், உங்கள் எதிரி இல்லை.

சுவா சூ காங்கிலிருந்து ஒருவர்: தங்கைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வரன். இந்தியாவில் இப்படிப் பட்டியல் இருக்கிறதா, நாம் பார்க்கலாமா?

இருக்கிறது, நாம் பார்க்க முடியாது. 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தை ஆரம்பித்தார்கள், ஆரம்பிக்கும்போதே 4.4 லட்சம் பதிவுகள், காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகளுக்கு மட்டும். பெயர் மாற்றினால் அங்கே அரசிதழில் வரும், பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் சேர்த்து. மாப்பிள்ளையின் பள்ளிச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஒரே பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அரசிதழ்ப் பக்கத்தைக் கேளுங்கள், நேர்மையாக மாற்றியவரிடம் அது பத்திரமாக இருக்கும். ஊருக்குப் போய் நாலு பேரிடம் விசாரிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வட்டாரம் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு பெண்: எனக்கு 11 வயதில் நடந்தது. அவர் எங்களுக்குச் சொந்தம். சிறைக்குப் போனார், பிரம்படியும் கிடைத்தது. போன மாதம் ஒரு பாட்டு வகுப்பின் விளம்பரத்தில் அவர் படத்தைப் பார்த்தேன், வேறு பெயர். சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முகநூலில் போட்டுவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். என் பெயரையும் மாற்றிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம் என்றும் தோன்றுகிறது.

கண்ணம்மா, உன்னை ஒருமையில் எழுதுகிறேன், என் மகள் வயதுதான் உனக்கு இருக்கும்.

முகநூலில் போடாதே. அவரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. உன் வழக்கில் பெயர்களை வெளியிடக் கூடாது என்று உத்தரவு இருந்திருக்கும், அவர் சொந்தம் என்பதால் அவர் பெயரும் அதில் அடங்கியிருக்கும், அதை மீறினால் சட்டம் உன்மேலேயே திரும்பலாம், உன் அடையாளமும் வெளியே வந்துவிடும், அதை நீ விரும்பாத நேரத்தில், விரும்பாத விதத்தில். ஒருநாள் நீயே வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்தால் அந்த உத்தரவை நீக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்க முடியும், பாதிக்கப்பட்டவர்கள் கேட்டு நீக்கிய வழக்குகள் இங்கே நடந்திருக்கின்றன. அது உன் உரிமை. அவசரம் இல்லை.

அவசரமானது அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள். இதைப் போலீசிடம் போய்ச் சொல். விளம்பரத்தை அச்செடுத்துக்கொள், உன் பழைய வழக்கு எந்த வருஷம், எந்த நீதிமன்றம் என்று தெரிந்தால் ஒரு தாளில் எழுதிக்கொள், அவருடைய பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும். "இவர் பெயரை மாற்றிக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார், சோதித்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னால் போதும், உனக்கு நடந்ததை முதலிலிருந்து திரும்பச் சொல்லத் தேவையில்லை. பெயர் எத்தனை தடவை மாறியிருந்தாலும் ஐசி எண்ணை வைத்து அவர்கள் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். அவர் பெயர் மாற்றியது மட்டுமே குற்றம் ஆகாது, உடனே கைது செய்வார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதே, ஏமாற்றமாக இருக்கும். ஆனால் தகவல் அவர்கள் கையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றில்லை, அந்த வகுப்பை நடத்துகிறவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாமல்கூட இருக்கலாம்.

பெயர் மாற்றுவதைப் பற்றி எழுதியிருந்தாய். அவரைப் போல ஒளிவதற்காக இல்லாமல், புதிதாக வாழ்வதற்காகப் பெயரை மாற்றிய பெண்களுக்கும் நான் பத்திரம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தி கையெழுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பெயரை மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. இதனால்தான் பெயர் மாற்றத்தையே எல்லோருக்கும் கஷ்டமாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை, குற்றம் செய்தவருக்குக் கஷ்டமாக்குங்கள், உனக்கு வேண்டாம். ஆனால் இன்றைக்கு, இந்த நடுக்கத்தில், இந்த முடிவை எடுக்காதே. சில மாதம் போகட்டும், அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் செய்துகொள்ளலாம்.

இரவில் தூக்கம் வராவிட்டால் 1800-777-0000 எண்ணைக் கூப்பிடு, குடும்ப வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவி எண், 24 மணி நேரமும் இருக்கிறார்கள். அவேர் என்ற பெண்கள் அமைப்பின் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையம் 6779-0282, அவர்கள் போலீசுக்குப் போகும்போது கூடவே ஆளை அனுப்புவார்கள். தெரியாத ஆளோடு போக மனசு வரவில்லை என்றால் இந்த இதழின் முகவரிக்கு எழுது, நாளும் நேரமும் நீ சொல், காவல் நிலைய வாசலில் நான் நிற்கிறேன்.